சாப்பிடும்போது கண் திறக்கும் மகள்: நல்ல கண்ணையும் அறுக்க வேண்டுமா?

தறிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சென்னிமலைப் பக்கம் ஊர். மகளுக்கு மூன்றரை வயது. பிறந்ததிலிருந்தே இடது கண் இமை பாதி இறங்கித்தான் இருக்கும். பால் குடிக்கும்போது மட்டும் அந்தக் கண் படக் படக்கென்று திறந்து மூடும். முதலில் கவனித்தது என் அம்மா. "பால் குடிச்சுக்கிட்டே கண்ணடிக்குது பாரு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம், அழகாகத்தான் இருந்தது.

இப்போது அப்படி இல்லை. முறுக்கு கடித்தால், மிட்டாய் சப்பினால், கீழ்த்தாடையை வலது பக்கம் தள்ளினால் இடது இமை விருட்டென்று ஏறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது. வாய் ஓய்ந்ததும் பழையபடி தொங்கிவிடும். பால்வாடியில் மற்ற பிள்ளைகள் அவளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஆயாம்மா சொன்னார். அன்றைக்கு எனக்கு ராட்டையில் நூல் ஓடவில்லை.

போன வாரம் கோவையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பத்து நிமிடம் பார்த்தார் டாக்டர். மார்க்கஸ் கன் ஜா விங்க்கிங் என்று சீட்டில் எழுதினார். இரண்டு கண்ணிலும் இமையைத் தூக்கும் தசையை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து நார் எடுத்து இரண்டு இமையையும் புருவத்தோடு கட்ட வேண்டும், அடுத்த மாதமே செய்துவிடலாம் என்றார். "இரண்டு" என்று கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. வலது கண்ணில் ஒரு குறையும் இல்லையே. அதை ஏன் தொட வேண்டும்? வெளியே வந்து மனைவி ஒரே அழுகை. இந்த வழியாகப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கண்ணளவு

அண்ணா, நான் டாக்டர் இல்லை. பார்வையும் கண்ணாடிப் பவரும் அளக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், குழந்தைகள் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். கத்தி பிடிப்பவரின் முடிவில் தலையிட மாட்டேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்க முடியும்.

மேல் இமையைத் தூக்குவது லிவேட்டர் என்ற தசை. அதற்கு மூளையிலிருந்து 3ஆவது நரம்பு கட்டளை கொண்டுவர வேண்டும். மெல்லும் தசைகளுக்கு 5ஆவது நரம்பு. உங்கள் மகளுக்கு அந்த 5ஆவது நரம்பின் கிளை ஒன்று பிறவியிலேயே லிவேட்டரோடும் சேர்ந்துகொண்டது. மின்விசிறி சுவிட்சைப் போட்டால் விளக்கும் சேர்ந்து எரிகிற வீடு மாதிரி. பெரும்பாலும் தாடையைப் பக்கவாட்டிலும் முன்பக்கமும் நகர்த்தும் தசையோடுதான் இந்தச் சேர்க்கை. அதனால்தான் இடது கண்காரிக்குத் தாடை வலது பக்கம் போகும்போது இமை ஏறுகிறது. லண்டனில் ராபர்ட் மார்க்கஸ் கன் என்ற கண் மருத்துவர் 1883இல் ஒரு 15 வயதுப் பெண்ணிடம் இதைப் பார்த்து விவரித்தார். பிறவியிலேயே இமை இறங்கிய 100 பேரில் 2 முதல் 13 பேர் வரை இந்த வகையாக இருக்கலாம் என்பது ஆய்வுகளின் கணக்கு.

இப்போது உங்கள் கேள்வி. இமை வெறுமனே இறங்கியிருந்தால் லிவேட்டரைச் சுருக்கித் தைத்து உயர்த்தலாம். இங்கே அதே லிவேட்டர்தான் துள்ளுகிறது. அதைச் சுருக்கினால் இமை ஏறும், துள்ளலும் ஒரு படி மேலே ஏறிப்போகும். துள்ளல் நிற்க வேண்டுமென்றால் அந்தத் தசையின் வேலையையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இமை முழுதாகத் தொங்கும். அதனால் நெற்றித் தசையோடு இமையைக் கட்டிவிடுவார்கள், புருவத்தைத் தூக்கினால் இமையும் எழும்பும். இதைத்தான் ஸ்லிங் என்கிறோம்.

ஒரு பக்கம் மட்டும் கட்டினால் இரண்டு கண்ணும் இரண்டு விதமாக நடக்கும். கீழே பார்க்கும்போது நல்ல இமை கூடவே இறங்கும், கட்டிய இமை மேலேயே நின்றுவிடும். இந்த வேறுபாடு இருக்கக்கூடாது என்றுதான் குரோவெல் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1965இல் இரண்டு லிவேட்டரையும் எடுத்து இரண்டு பக்கமும் கட்டும் முறையை முன்வைத்தார். உங்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான். கேட்கும்போது கொடுமையாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிறகு காலஹன் என்பவர் நல்ல கண்ணின் தசையை விட்டுவிட்டு, ஸ்லிங் மட்டும் இரண்டு பக்கமும் போடலாம் என்றார். பாதித்த கண்ணில் மட்டும் தசையையும் எடுத்து ஸ்லிங்கும் போடுகிறவர்கள் இன்றைக்கு நிறைய. ஆக மூன்று வழி. மூன்றும் செய்யப்படுபவைதான்.

ஆனால் உங்கள் பதிவில் ஒன்று இல்லை. பார்வை எவ்வளவு என்று அளந்தார்களா? கண்ணாடிப் பவர் பார்த்தார்களா?

தறிக்காரன்

இல்லை தம்பி. பாப்பா அழுதாள், டார்ச் அடித்து மட்டும் பார்த்தார்கள்.

கண்ணளவு

அப்படியென்றால் அறுவை பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் அண்ணா. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் மாறுகண் இருக்கலாம், 30 முதல் 60 விழுக்காட்டினருக்குச் சோம்பேறிக் கண் இருப்பதாகப் பதிவுகள் உண்டு. சிலருக்குக் கண்ணை மேலே தூக்கும் தசையும் சேர்ந்து பலவீனமாக இருக்கும். இமை கண்ணை மறைப்பதால் மட்டும் வருவதில்லை சோம்பேறிக் கண். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறுபட்டாலும், கருவிழி வளைவு சீராக இல்லாததால் வரும் கோணல் பவர் இருந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இமையை ஆறு வயதிலும் தூக்கலாம், இருபது வயதிலும் தூக்கலாம். ஒதுக்கப்பட்ட பார்வையைத் திருப்பிக்கொண்டுவர நல்ல காலம் இந்த ஏழெட்டு வயதுக்குள்தான்.

சொட்டு மருந்து போட்டுப் பாப்பாவை விரித்துப் பவர் பார்க்கச் சொல்லுங்கள் (கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைத்தான் பாப்பா என்கிறேன், உங்கள் பாப்பாவை இல்லை). மாறுகண் இருந்து அதற்கும் அறுவை தேவையென்றால் அதுதான் முதலில், இமை பிறகு. இமை அளவை வாய் அசையாமல் இருக்கும்போது எடுக்க வேண்டும். அழுதுகொண்டே அளந்த அளவு செல்லாது. வீட்டில் அவள் சாப்பிடுவதை முகத்துக்கு நேராக வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் வாயே திறக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும்.

பழைய_வாத்தியார்

எனக்கு 61 வயது. வலது கண்ணில் இதே குறைதான், ஆனால் லேசு. அறுவை ஏதும் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் 34 வருடம் பாடம் நடத்தினேன். இளமையில் நன்றாகத் தெரிந்தது, நாற்பதுக்கு மேல் யாரும் அதைப் பற்றிக் கேட்டதாக நினைவில்லை. வயது போகப் போக அது தானே அடங்கும். பச்சைப் பிள்ளையின் நல்ல கண்ணில் கத்தி வைக்கச் சொல்லும் காலத்தை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அவசரப்படாதீர்கள் தம்பி.

கண்ணளவு

ஐயா, அவசரம் வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். லேசாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் சரியான மருத்துவம்தான். ஆனால் அது தானே அடங்குவதில்லை என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் மென்றால் இமை துள்ளாது, வாயை எவ்வளவு திறந்தால் போதும் என்று உங்கள் உடம்பே கற்றுக்கொண்டிருக்கும்.

துள்ளல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் லேசு. 2 முதல் 5 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. கருவிழிக்கு மேல் வெள்ளை தெரிகிறது என்று தறிக்காரன் அண்ணா எழுதியிருக்கிறார். அளந்துதான் சொல்ல வேண்டும், ஆனால் அது லேசாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கடைசிப்பந்தி

மூன்று வருடமாக இந்தத் தளத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை எழுதியதில்லை. வாத்தியார் ஐயாவின் பதிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐயா, நீங்கள் ஆண். உங்களை யாரும் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வலது கண். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பஸ்ஸில் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தேன். எதிர் சீட்டில் இருந்தவன் நான் அவனைப் பார்த்துக் கண்ணடித்ததாக நினைத்துக்கொண்டு என் நிறுத்தத்தில் இறங்கிப் பின்னாலேயே வந்தான். வீட்டில் சொன்னேன். "வெளிய ஏன் திங்கிற" என்றுதான் அம்மா கேட்டார். அதற்குப் பிறகு வெளியே நான் எதையும் மென்றதில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில், சுவரோரமாக, இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவேன். பெயர் வைத்த காரணம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மதியம் கேன்டீனுக்குப் போகாமல் இரண்டு வருடம் மோர் குடித்தே ஓட்டினேன்.

இன்னொன்றும் உண்டு. தாடையை இடது பக்கம் லேசாகத் தள்ளிப் பிடித்தால் வலது இமை மேலேயே நிற்கும் என்று பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் என் கண் இரண்டும் சமமாக இருக்கும், வாய் மட்டும் கோணலாக இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவு காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்துத் தூங்கவில்லை.

26 வயதில் என் சொந்தச் சம்பளத்தில் செய்துகொண்டேன். எனக்கு இமை இறக்கம் 2 மில்லிமீட்டர்தான், துள்ளல் 6. "இறக்கத்துக்காக இல்லை டாக்டர், இந்தத் துள்ளலுக்காகத்தான் வந்திருக்கிறேன்" என்று சொன்னேன். ஒரு கண்தான். வலது லிவேட்டரில் ஒரு பகுதியை வெட்டியே எடுத்தார்கள். சும்மா அறுத்து விட்டால் முனைகள் மறுபடி ஒட்டிக்கொண்டு துள்ளல் திரும்பிவிடும் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, தொடையின் வெளிப்பக்கம் சின்னதாகக் கீறித் தசை உறையிலிருந்து பட்டையாக நார் எடுத்து, இமைக்குள்ளிருந்து புருவம் வரை கோத்தார்கள். கண்ணை விடத் தொடைதான் வலித்தது. பத்து நாள் படியேறும்போது பக்கவாட்டில் நடந்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன், கண் இன்னும் சமமாகிவிடவில்லை. வலது இமை ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. கீழே பார்த்தால் வலது கண் திறந்தே இருக்கும், புத்தகம் படிக்கும்போது தங்கை கண்டுபிடித்துவிடுவாள். தூங்கும்போது ஒரு கீற்று திறந்திருக்கும், நான்கு வருடமாகத் தினமும் படுக்கும் முன் ஆயின்மென்ட். பெரிதாகக் கொட்டாவி விட்டால் இமை இம்மியளவு அசையும். ஆனால் போன மாதம் அத்தை பையன் கல்யாணத்தில் முதல் பந்தியில், வீடியோக்காரர் விளக்கடித்தபோது, நிமிர்ந்து அப்பளத்தைக் கடித்தேன்.

தறிக்காரன் அண்ணா, உங்கள் மகளுக்கு இறக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெண் பிள்ளை வளரும்போது இந்தத் துள்ளல்தான் பெரிய பாரம்.

பழைய_வாத்தியார்

அம்மா, படித்தேன். என் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது தவறு. என் வகுப்பில் ஒரு பெண் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவைத் திருப்பி எடுத்துப் போவாள். அது என்ன காரணமோ, இன்று உங்கள் பதிவுக்குப் பிறகுதான் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பாண்டிஅம்மா

நாங்கள் புதுச்சேரி. என் மகனுக்கு மூன்று அறுவை நடந்தது, முதலாவது தேவையே இல்லாமல் நடந்தது என்பதை ஆறவே முடியவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

இரண்டு வயதில் ஓர் இடத்தில் வெறும் இமை இறக்கம் என்று நினைத்து லிவேட்டரைச் சுருக்கித் தைத்தார்கள். பிள்ளை எதையும் சாப்பிடுவதை அங்கே யாரும் பார்க்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, பால் குடிக்கும்போது கண் ஆடுவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான் என்று நினைத்திருந்தோம். இமை நன்றாக ஏறியது, சந்தோஷப்பட்டோம். தையல் ஆறி இட்லி ஊட்டினேன் பாருங்கள், கண் பேயைப் பார்த்த மாதிரி விரிந்தது. முன்னால் பாதிக் கண்ணிலிருந்து முழுக் கண் வரை போனது, இப்போது முழுக் கண்ணிலிருந்து அதற்கும் மேலே. கண்ணளவு தம்பி எழுதியிருக்கிறாரே, ஒரு படி மேலே ஏறும் என்று, அதை என் பிள்ளை முகத்தில் பார்த்தேன்.

ஆறு வயதில் வேறு இடத்தில் மறுபடி செய்தோம். பாதித்த லிவேட்டரை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஸ்லிங். நல்ல கண்ணின் தசையைத் தொடவில்லை. காலஹன் என்று தம்பி சொன்ன முறைதான் போலிருக்கிறது. எனக்கும் நல்ல கண்ணைத் தொடுவதில் ஒப்பவில்லை, ஆனால் இப்போது பன்னிரண்டு வயதில் அவன் குனிந்து எழுதும்போது இரண்டு இமையும் ஒரே மாதிரி கொஞ்சம் மேலே நிற்கின்றன, இரண்டும் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. முதலில் போட்டது சிலிக்கான் இழை. அது பத்து மாதத்தில் ஒரு பக்கம் புருவத்தின் வழியே வெளியே தலை நீட்டியது, சீழ் பிடித்தது. எடுத்துவிட்டுத் தொடை நார் வைத்தார்கள். சிலிக்கான் மோசம் என்று சொல்ல வரவில்லை. தொடை வளராத சின்னப் பிள்ளைகளுக்கும், பிறகு இறுக்கவோ தளர்த்தவோ எடுக்கவோ வேண்டியிருக்கும் இடத்திலும் அதுதான் வசதி என்றார்கள். நீண்ட நாளைக்கு நிற்பது சொந்த நார்தான்.

கேள்விக்குறி

போடாக்ஸ் ஊசி போட்டுத் துள்ளலைக் குறைக்கலாமே? அறுவையே வேண்டாமே. அப்புறம் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் பலன் உண்டு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

கண்ணளவு

போடாக்ஸ் அந்தத் தசையைச் சில மாதம் முடக்கும். துள்ளல் குறையும், ஏற்கெனவே தொங்கும் இமை இன்னும் தொங்கும். வளரும் பிள்ளைக்குக் கண்ணை மறைத்துவிட்டால் பார்வைக்கே ஆபத்து. விளக்கெண்ணெய்க்கு நரம்பின் சேர்க்கையைப் பிரிக்கும் வழி இல்லை. வெளியில் தடவினால் கெடுதல் பெரிதாக இல்லை, கண்ணுக்குள் விடாதீர்கள்.

தறிக்காரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசிப்பந்தி தங்கச்சி எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் குரல் நின்றுவிட்டது.

வேறோர் இடத்தில் காட்டினோம், குழந்தைகள் கண் மருத்துவரும் இமை அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள். கையில் முறுக்கு கொண்டுபோயிருந்தோம். இறக்கம் 4, துள்ளல் 5. லிவேட்டரின் சக்தி 4 மில்லிமீட்டர்தான் என்றார்கள். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று பொம்மையைக் காட்டி ஸ்கேலால் அளந்தார்கள். மாறுகண் இல்லை. இடது கண்ணில் கோணல் பவர், பார்வை வலது கண்ணை விட நன்றாகவே குறைவு. கண்ணாடி கொடுத்து, இடது கண் வேலை செய்யப் பழக, தினம் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மூடிப் பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடினால் விழி மேலே உருள்கிறதா என்றும், பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அறுவைக்குப் பிறகு கண் முழுதாக மூடாதபோது அந்த இரண்டும்தான் காப்பாற்றும் என்று விளக்கினார்கள்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. ஸ்லிங் என்பது கயிறு, இழுக்க வேண்டியது புருவம். இடது கண்ணை மூளை ஒதுக்கிவைத்திருந்தால், வலது கண்ணாலேயே எல்லாம் தெரிகிறதே என்று இடது புருவத்தை அவள் தூக்கவே மாட்டாள், கட்டிய இமை தொங்கித்தான் நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கட்டினால்தான் வேறு வழியில்லாமல் புருவத்தைத் தூக்கும். அதனால் முதலில் பேட்ச், பார்வை வரட்டும், இடது புருவம் வேலை செய்கிறதா என்று பார்ப்போம், அதற்கப்புறம் எத்தனை கண் என்று பேசுவோம் என்றார்.

மாமியார் கிரகணத்தன்று மனைவி வெளியே வந்ததால்தான் இப்படி என்று மூன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடமே கேட்டேன். பெரும்பாலும் காரணம் இல்லாமல் வருவது, சில குடும்பங்களில் மட்டும் வழிவழியாக இருக்கும், தாய் செய்ததால் வருவதில்லை என்று மாமியார் இருக்கும்போதே சொன்னார். வண்டியில் திரும்பி வரும்போது மாமியார் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார்.

பாண்டிஅம்மா

பேட்ச் ஒட்டினால் முதல் இரண்டு வாரம் பிய்த்துப் போடுவாள். சாப்பாட்டு நேரத்தில் ஒட்டாதீர்கள், விளையாட்டு நேரத்தில் ஒட்டுங்கள். நாங்கள் பேட்ச் மேலே தினம் ஒரு பூனை வரைந்து கொடுப்போம்.

தறிக்காரன் (9 மாதம் கழித்து)

இந்த இழையை மறக்கவில்லை. பேட்ச் பெரிய போராட்டம். பூனை வேலை செய்யவில்லை, தறியில் மிஞ்சிய சரிகைத் துண்டு ஒட்டிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவளே கேட்டு வாங்கினாள். ஏழாவது மாதம் அட்டையில் இடது கண்ணால் வலது கண்ணுக்கு ஒரு வரி குறைவாகப் படித்தாள். அதைவிட, போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த மனைவி, "இங்க பாருங்க" என்றாள். போன தீபாவளிப் படத்தில் இரண்டு புருவமும் ஒரே கோட்டில். பொங்கல் படத்தில் இடது புருவம் அரை விரல் மேலே. கண்ணைத் திறக்க அவளாகத் தூக்க ஆரம்பித்திருக்கிறாள்.

டாக்டரிடம் காட்டினோம். இனி ஒரு கண் போதும், முயன்று பார்க்கலாம் என்றார். கீழே பார்க்கும்போது வேறுபாடு தெரியும், பெரியவளாகி அது உறுத்தினால் வலது பக்கமும் ஸ்லிங் போட வழி திறந்தே இருக்கிறது, எடுத்த தசையை மட்டும் திருப்பி வைக்க முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். நல்ல கண்ணைத் தொடவில்லை.

அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. முழு மயக்கம். தாடை, கண் இரண்டும் சேர்ந்த குறை என்பதை மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லச் சொன்னார்கள், கண் தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு குறையலாம் என்பதால் கவனமாக இருப்பார்களாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தொடை நார்தான். கட்டைப் பிரித்த அன்று கண் வீங்கி, இமை அளவுக்கு மீறி ஏறி, மூடவே மூடாமல் இருந்ததைப் பார்த்து என்ன செய்துவிட்டோம் என்று ஆடிப்போனேன். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், இறங்கி வரும் என்றார்கள். வந்தது.

பகலில் இரண்டு மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து. இரவில் ஆயின்மென்ட் வைத்து, இமையை மெதுவாக இறக்கி, காகித டேப்பால் ஒட்டிவிடுகிறோம். நடு இரவில் நான் எழுந்து போன் வெளிச்சத்தில் டேப் நிற்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது வாரம் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தபோது கருவிழியின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. வேலை நெருக்கடியில் இரண்டு நாள் பகல் சொட்டு விட்டுப்போனதுதான் காரணம், என் தப்பு. இப்போது தறிக்குப் பக்கத்திலேயே மருந்துப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் புள்ளிகள் இல்லை.

இமை இன்னும் சமமாகவில்லை. வலதை விட ஒன்றரை மில்லிமீட்டர் கீழே, மாலையில் களைத்தால் இன்னும் கொஞ்சம். கண்ணாடியும் பேட்சும் தொடர்கின்றன, அறுவை ஆகிவிட்டது என்று அதை நிறுத்தக்கூடாதாம்.

நேற்று என் அம்மா முறுக்கு சுட்டார். அவள் திண்ணையில் உட்கார்ந்து கடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து இமையையே பார்த்தேன். ஒரு முறுக்கு முழுதாகத் தீர்ந்தது. இமை நின்ற இடத்தில் நின்றது. "என்னப்பா பாக்கற, உனக்கும் வேணுமா?" என்று பாதியை நீட்டினாள்.

கடைசிப்பந்தி

அண்ணா, அவளுக்கு என் சார்பில் இன்னொரு முறுக்கு.

இரவு டேப்பை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் சாய்வாக ஒட்டிப் பாருங்கள், நேராக ஒட்டியதை விட நிற்கும். காலையில் தண்ணீரில் நனைத்துவிட்டு எடுங்கள், இமை முடி பிடுங்காது.

புதுவரவு

மன்னிக்கவும், தேடி இங்கே வந்தேன். என் மகனுக்கு 40 நாள். பால் குடிக்கும்போது வலது கண் மட்டும் திறந்து மூடுகிறது, மற்ற நேரம் பாதி மூடியே இருக்கிறது. பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உடனே அறுவை செய்ய வேண்டுமா?

தறிக்காரன்

பயப்படாதீங்க தங்கச்சி. உடனே அறுவை வேண்டியிருக்காது, ஆனால் உடனே காட்ட வேண்டும். பால் கொடுக்கும்போது வீட்டுக்காரரை விட்டு வீடியோ எடுத்து வையுங்கள், முகம் முழுதும் தெரிய வேண்டும். குழந்தைகள் கண் பிரிவு தனியாக இருக்கும் இடத்துக்குப் போங்கள். கண்ணின் நடுப்பகுதியை இமை மறைக்கிறதா, பவர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மறைத்தால் அவர்கள் சீக்கிரம் செய்யச் சொல்லலாம், இல்லையென்றால் மூன்று நான்கு வயது வரை பொறுக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். எந்த ஊர் நீங்கள்?